வடமும் வரலாற்றுச் சான்றும்: அமெச்சூர் வானொலியாளரின் கைத்திருத்தங்களை வாசித்தல் பற்றிய ஒரு நோக்கு

1

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் காப்புரிமைப் பத்திரங்களையும் கம்பனி அறிக்கைகளையும் அரசாங்கக் கோவைகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இதன் விளைவு யாது? தன்னை எழுத்திற் பதிந்துகொள்ளும் வாய்ப்புப் பெற்றோரின் வரலாறே தொழினுட்பத்தின் முழு வரலாறாகத் தோற்றமளிக்கின்றது. மெய்க்கீர்த்திகளை மாத்திரம் நம்பி எழுதப்பெற்ற நாட்டு வரலாற்றிலே உழவனும் கம்மியனும் இடம்பெறாது போனமை போன்றதே இதுவும். எனினும், எழுத்து வழங்காத காலத்து மக்களின் வாழ்வைப் பானையோட்டிலிருந்தும் ஈமத்தாழியிலிருந்தும் உய்த்துணரும் முறையைத் தொல்லியல் நமக்குக் கற்பித்துள்ளது. அம்முறையை இருபதாம் நூற்றாண்டின் பொருள்களுக்கும் பிரயோகிக்கலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இதற்கு நாம் தெரிந்துகொண்ட பொருள் மிக எளிமையானது. அமெச்சூர் வானொலியாளர் தம் கையாலே வெட்டியும் பற்றாசு வைத்தும் திருத்தியமைத்த மின்வடங்களே அவை. வருவாய் கருதாது, அரசின் அனுமதி பெற்று, தம் சொந்த நிலையத்திலிருந்து உலகின் பிற பகுதியினருடன் தொடர்புகொள்வோரே அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். அவர்களுள் ஒருவர் மறைந்ததும் அவரது வேலையறையில் எஞ்சுவன பெட்டி நிறைந்த வடங்கள். ஒன்றின் நுனி ஈயத்தால் அடைக்கப்பட்டிருக்கும். மற்றொன்று வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும். இன்னொன்றின் செருகிக்குள்ளே சிறு தடையியொன்று மறைந்திருக்கும். பெயர்ச்சீட்டு எதுவும் இராது. செய்தவர் அறிந்திருந்தமையால் எழுதிவைக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. இவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதை நாம் எவ்வாறு அறிவது?

2

வடங்களை நோக்குமுன் அவற்றைச் செய்த சமூகப் பிரிவினர் எத்தகைய வரலாற்றுச் சூழலில் இயங்கினர் என்பதைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகும்.

1912ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. அக்காலத்து வணிகரும் கடற்படையினரும் பயனற்றதெனக் கருதிய பகுதி அதுவேயாகும். ஆயின், 1923 நவம்பர் 28ஆம் நாள் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லேயோன் டெலுவாவும் அமெரிக்காவிலிருந்த பிரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இருவழித் தொடர்பை ஏற்படுத்தினர். பயனற்றதென ஒதுக்கப்பட்ட சிற்றலைகளே நெடுந்தொலைவு செல்வன என்பது நிறுவப்பட்டதும் பெரும் நிறுவனங்கள் அப்பகுதியை நாடி வந்தன. ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பண்படுத்தியவன் ஒருவன், விளைவை உரிமை கோருவோர் வேறொருவர் என்ற நிலை வேளாண்மைக்கு மாத்திரம் உரியதன்று.

அரசுகளோ அமெச்சூர்களை ஐயத்துடனேயே நோக்கின. 1914இல் பிரித்தானியாவிலும் 1917இல் அமெரிக்காவிலும் அவர்களது நிலையங்கள் மூடப்பட்டன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, 1939இல் பிரித்தானியாவிலும், 1941 திசெம்பரில் அமெரிக்காவிலும் அதே நடவடிக்கை மீண்டும் மேற்கொள்ளப்பட்டது.

இலங்கையின் வானொலி வரலாறும் கைத்திருத்தத்திலேயே தொடங்குகின்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் 1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி நிலையத்திலிருந்து பரீட்சார்த்த ஒலிபரப்பை நிகழ்த்தினார். அதற்கான செலுத்தி, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளின் உறுப்புக்களைக் கொண்டு அமைக்கப்பட்டதாகும். கொழும்பு வானொலி 1925 திசெம்பர் 16ஆம் நாள் முறைப்படி தொடக்கிவைக்கப்பட்டது. அழிவிற்கெனச் செய்யப்பட்ட கருவி இசைத்தட்டை ஒலிபரப்பும் கருவியாயிற்று. ஒரு பொருளின் முதல் நோக்கம் அதன் இறுதி நோக்கமாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

3

வடத்தின் காலத்தை அறிய அதன் மூலப்பொருளே முதற் சான்றாகும். நடுவே ஒரு கடத்தி, அதனைச் சூழக் காவலி, அதன்மேற் பின்னற் கவசமாக மற்றொரு கடத்தி என அமையும் ஓரச்சு வடத்தின் கருத்து பழையது. ஒலிவர் ஹெவிசைட் 1880இல் இதற்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் எஸ்பென்ஷீட், அஃபெல் ஆகிய இருவரும் 1929இல் விண்ணப்பித்த காப்புரிமை நெடுந்தொலைவுத் தொலைபேசிக்கு அதனைப் பயன்படுத்த வழிவகுத்தது. ஆயினும், எளிதில் வளையக்கூடியதும் மின்னிழப்புக் குறைந்ததுமான வடம் பொலித்தீன் என்னும் பொருளின் வரவோடுதான் பெருவழக்காயிற்று. 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னுமிடத்திலுள்ள ஆய்வுகூடத்தில் எதிர்பாராத வகையிற் கண்டுபிடிக்கப்பட்ட இப்பொருள், போர்க்காலத்தில் ரேடார்க் கருவிகளின் வடங்களுக்கு இன்றியமையாததாயிற்று.

போர் முடிந்ததும் இவ்வடங்களும் கருவிகளும் போர் எச்சப் பொருள்களாகச் சந்தைக்கு வந்தன. நியூயோர்க்கின் கோட்லண்ட் வீதியிலும் இலண்டனின் லைல் வீதியிலும் அவை மலிவு விலையில் விற்கப்பட்டன. வானூர்திகளிலிருந்து கழற்றப்பட்ட பி.சி. 348, ஆர். 1155 போன்ற வாங்கிகளைக் குறைந்த வருமானமுடைய தொழிலாளியும் மாணவனும் வாங்க முடிந்தது. எனினும், அமெரிக்க வானூர்தியின் 28 வோல்ற்று நேர்மின்னோட்டத்திற்கென அமைந்த கருவி வீட்டு மின்னிணைப்பிற்குப் பொருந்தாது. எனவே வடங்களைத் திருத்துதல் விருப்பத்தின் பாற்பட்டதன்று, கட்டாயத்தின் பாற்பட்டதாகும்.

காலக்கணிப்பிற்கான விதி எளிது. ஒரு பொருளிலுள்ள உறுப்புக்களுள் மிகப் பிந்தியது எதுவோ, அது தோன்றுமுன் அப்பொருள் உருவாகியிருக்க இயலாது. பொலித்தீன் காவலியுள்ள வடம் 1933க்கு முற்பட்டதாகாது. திரான்சிற்றர் பொருத்தப்பட்ட வடம் 1947க்கு முற்பட்டதாகாது. ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. படைத்துறை முத்திரையுடன் கூடிய 1943ஆம் ஆண்டின் வடமொன்றை 1965இல் ஒருவர் வெட்டிப் பயன்படுத்தியிருக்கலாம். வறியவரின் வேலையறையிற் பழையவை எளிதிற் கழிவதில்லை. ஆகவே மூலப்பொருளின் காலத்தைத் திருத்தத்தின் காலமாகக் கொள்ளுதல் தவறாகும்.

4

அடுத்து நோக்கவேண்டியன நீளமும் நுனியுமாம். சாதாரண மின்வடத்தின் நீளம் இடவசதியைப் பொறுத்தது. வானொலி மீடிறன்களில் நிலைமை வேறு. அலைநீளத்தின் காற்பங்குக்குச் சமமான வடம், நீளத்தினாலேயே தனியொரு கருவியாகத் தொழிற்படுகின்றது. திண்மப் பொலித்தீன் காவலியுள்ள வடத்தில் அலை வெளியிற் செல்லும் வேகத்தின் 66 சதவீத வேகத்திலேயே செல்வதால், மெகாஹேர்ட்ஸில் தரப்படும் மீடிறனால் 49.5 என்னும் எண்ணை வகுக்கக் காலலை நீளம் மீற்றரிற் கிடைக்கும். கணக்கை மறுதலையாகச் செய்தால், நீளத்திலிருந்து மீடிறனை அறியலாம். 3.5 மீற்றர் நீளமுள்ள துண்டொன்று கிடைப்பின் 49.5ஐ 3.5ஆல் வகுக்க 14.14 கிடைக்கின்றது. 14 மெகாஹேர்ட்ஸ் அமெச்சூர்களின் முதன்மையான நெடுந்தொலைவுப் பட்டையாகும். எனவே அந்நீளம் தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு.

ஆனால் நீளம் மாத்திரம் போதாது. அதே 3.5 மீற்றர் வடம் மூன்று வெவ்வேறு பணிகளைச் செய்யவல்லது. ஒரு நுனி பிரதான வடத்திற் கிளையாக இணைக்கப்பட்டு, மறுநுனியில் நடுக்கடத்தியும் கவசமும் பற்றாசினால் ஒன்றாக்கப்பட்டிருந்தால், அது 14 மெகாஹேர்ட்ஸைத் தடையின்றிச் செல்லவிட்டு 28, 56 மெகாஹேர்ட்ஸ் அலைகளை அழிக்கும். மறுநுனி திறந்து விடப்பட்டிருந்தால் விளைவு தலைகீழாகும்: 14 மெகாஹேர்ட்ஸ் அழிய, 28 மெகாஹேர்ட்ஸ் செல்லும். இரு நுனிகளிலும் செருகிகள் இருந்து, வடம் 75 ஓம் இனத்தைச் சேர்ந்ததாயின், அது கிளையன்று; தடங்கல் வேறுபட்ட இரு பகுதிகளை இசைவிக்கும் இடைத்துண்டாகும். 50 ஓம் வடத்தை ஏறத்தாழ 112 ஓம் தடங்கலுள்ள ஏரியலுடன் அது பொருத்தும். 1940களில் ஈக்குவடோரின் கீற்றோ நகர் வானொலி நிலையத்திற் கிளாரன்ஸ் மூர் உருவாக்கிய சதுரவளைய ஏரியலின் வழிவந்த முழுஅலை வளையங்களுக்கு இது பொருந்தும். நீளம் ஒன்று, பணி மூன்று. பணியை வேறுபடுத்துவது நுனியிலுள்ள ஒரு துளி ஈயமே. பெட்டியைத் துப்புரவாக்கும் ஒருவர் நுனியை வெட்டியெறிவாராயின் சான்று முழுவதும் அழிந்துவிடும்.

இத்துண்டுகளின் பின்னாலுள்ள சமூக வரலாறு இன்னும் சுவையானது. போருக்குப் பின்னர் அமெரிக்காவில் தொலைக்காட்சி வேகமாகப் பரவியது. அமெச்சூரின் செலுத்தி தன் அடிப்படை மீடிறனோடு அதன் மடங்குகளாகிய இசையங்களையும் சிறிதளவு வெளிவிடும். 14.1 மெகாஹேர்ட்ஸின் நான்காம் இசையம் 56.4, இது அமெரிக்காவின் இரண்டாம் அலைவரிசையாகிய 54 முதல் 60 வரையான பகுதிக்குள் விழுந்தது. அயல்வீட்டாரின் திரையிற் கோடுகள் ஓடின, முறைப்பாடுகள் பெருகின. பெட்டியின் உற்பத்தியில் எடுக்கப்பட்ட சிக்கனமும் பல சந்தர்ப்பங்களிற் காரணமாயிருந்தது. 21 மெகாஹேர்ட்ஸ் அமெச்சூர் பட்டை அமெரிக்காவில் 1952இல் திறக்கப்பட்டபோது, பல பெட்டிகளின் இடைநிலை மீடிறன் அதே பகுதியிலேயே அமைந்திருந்தது. பின்னர் உற்பத்தியாளர் அதனை 41 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே மாற்றினர். எனினும், அயலவரின் கோபத்தை நேரிற் சந்தித்தவர் உற்பத்தியாளரல்லர், அமெச்சூரே. நுனியடைத்த மூன்றரை மீற்றர் வடம் அயலுறவைக் காக்க ஒருவர் தம் கையாற் செய்த சமாதான உடன்படிக்கையாகும்.

பிரித்தானியாவில் நிலைமை வேறுபட்டது. இலண்டன் அலெக்சாந்திரா மாளிகைத் தொலைக்காட்சி 45 மெகாஹேர்ட்ஸிற் படத்தையும் 41.5 மெகாஹேர்ட்ஸில் ஒலியையும் அனுப்பியது. ஆகவே அங்கு துன்பம் விளைத்தது மூன்றாம் இசையமாகிய 42.3 ஆகும். மேற்கூறிய நுனியடைத்த காலலைத் துண்டு ஒற்றைப்பட இசையங்களை அழிக்காது. அதற்கு 1.17 மீற்றர் நீளமுள்ள நுனி திறந்த துண்டு தேவை. அது 14 மெகாஹேர்ட்ஸில் விளைவிக்கும் மாறுபாட்டை நிகர்செய்ய 2.34 மீற்றர் நீளமுள்ள நுனியடைத்த துண்டொன்றும் வேண்டும். எனவே ஒரே பட்டையிற் பேசிய இருவரின் பெட்டிகளில் வெவ்வேறு நீளமுள்ள துண்டுகள் கிடைப்பின், அவ்வேறுபாடு அவ்விரு நாடுகளின் தொலைக்காட்சி ஒழுங்கமைப்பினது வேறுபாட்டையே பிரதிபலிக்கின்றது எனலாம். வடம் தன் ஊரையும் கூறுகின்றது.

5

ஏனைய வடிவங்களையும் இவ்வாறே நோக்கலாம். ஓரச்சு வடம் ஏரியலுக்கு அண்மையிற் சில சுற்றுக்களாகச் சுற்றப்பட்டுக் கட்டப்பட்டிருப்பின், அது மீதி நீளத்தைச் சுருட்டிவைத்ததன்று. கவசத்தின் வெளிப்புறத்தால் மின்னோட்டம் பாய்வதைத் தடுக்கும் ஏற்பாடாகும். வோல்ரர் மக்ஸ்வெல் 1983இல் விளக்கிய பெரைற்று மணிக் கோவையும் இதே பணியைச் செய்வதே. வடத்தின்மீது மணிகள் கோக்கப்பட்டிருத்தல் காண்போருக்கு அணிகலன் போலத் தோன்றலாம். செருகிக்குள் நடுக்கடத்திக்கும் கவசத்துக்குமிடையே 50 ஓம் தடையி இருப்பின், அது ஏரியலுக்குப் பதிலாகச் சத்தியை விழுங்கும் போலிச்சுமையாகும். பிறருக்கு இடையூறின்றிச் செலுத்தியைச் சோதிக்க உதவுவது. நடுக்கடத்தியின் தொடரிற் கொள்ளளவி இருப்பின், அது நேர்மின்னோட்டத்தைத் தடுத்து வானொலி அலையை மாத்திரம் விடுவது. கம்பத்தின் உச்சியிலுள்ள விரியலாக்கிக்கு அதே வடத்தால் மின்வழங்கும் முறையின் எச்சமாக அது இருத்தல் கூடும்.

கணினி வந்தபின் திருத்தத்தின் இயல்பும் மாறியது. 1998இற் பீற்றர் மாட்டினெஸ் பி.எஸ்.கே. 31 என்னும் தட்டெழுத்துத் தொடர்பு முறையை வெளியிட்டதும், கணினியின் ஒலியட்டையை வானொலியுடன் இணைக்கும் வடங்களை அமெச்சூர்கள் தாமே செய்யலாயினர். ஒன்பது முனைச் செருகியின் கூட்டுக்குள் ஒரு திரான்சிற்றர், ஒரு தடையி, ஓர் இருவாயி ஆகியன காணப்படின், கணினியின் கட்டளைப்படி செலுத்தியை இயக்கும் ஆளியே அது எனத் துணியலாம். ஒலிவடத்தின் நடுவிலுள்ள சிறு மாற்றி புவித்தொடுப்பு வழியே வரும் இரைச்சலைத் துண்டிப்பதற்கானது. புதிய வானொலிகள் பலவற்றிற் கணினி இணைப்பு உள்ளேயே அமைந்துவிட்டமையால், இவ்வடங்கள் கால் நூற்றாண்டுக்குள்ளேயே தொல்பொருளாகி வருகின்றன.

6

இதுவரை நாம் கூறியவற்றிலிருந்து, பௌதிகவியலைத் துணைக்கொண்டு எந்த வடத்தின் பொருளையும் முற்றாக அறிந்துவிடலாம் என்ற எண்ணம் எழக்கூடும். அஃது ஏற்புடையதன்று. தொழிற்பாடு வேறு, நோக்கம் வேறு. முன்னதை அளவுகோலும் மானியும் கூறும். பின்னதைச் சமூகச் சூழலே கூறும்.

1943 மே மாதத்தில் ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பிலிருந்த நெதர்லாந்தில் மக்கள் தம் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு கட்டளையிடப்பட்டனர். அதற்கு முன்னரும் பின்னரும் இலண்டனிலிருந்து வந்த ஒலிபரப்பை ஆக்கிரமிப்பாளர் இரைச்சலலைகளால் மறைக்க முயன்றனர். அவ்விரைச்சலைக் குறைப்பதற்கு மக்கள் கம்பிச் சுருளையும் மாறுங் கொள்ளளவியையும் கொண்டு ஒரு சிறு சாதனத்தைத் தம் கையாற் செய்து வாங்கியுடன் இணைத்தனர். ஜேர்மனியரை இகழும் சொல்லோடு அரிதட்டைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘மொஃபன்ஸேஃப்’ என அதற்குப் பெயரிட்டனர். அமைதிக் காலத்திற் பிரித்தானிய, அமெரிக்க ஆர்வலர் அயலிலுள்ள வலிய நிலையமொன்றை வடிகட்டுவதற்குச் செய்த அலைப்பொறியிலும் சுருளும் மாறுங் கொள்ளளவியுமே உள்ளன. இரண்டும் வேண்டாத அலையை விலக்குவனவே. ஆயினும் ஒன்று இசையைத் தெளிவாகக் கேட்பதற்கு. மற்றொன்று உண்மையைக் கேட்பதற்காகத் தண்டனையை எதிர்கொண்டு செய்யப்பட்டது. மானி இவ்வேறுபாட்டை என்றும் காட்டாது.

பிரித்தானியாவின் அனுபவம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1939இல் அமெச்சூர்களின் செலுத்திகளைக் கைப்பற்றிய அதே அரசு, அவர்களுள் பலரைத் தன்னார்வ ஒற்றுக்கேட்போராக இரகசியமாகச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் தம் வீடுகளிலிருந்தவாறே ஜேர்மன் உளவுத்துறையினரின் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதி அனுப்பினர். 1979இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிப்படுத்தும்வரை பொதுமக்கள் இதனை அறியார். அவர்களது வாங்கியையும் வடத்தையும் எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் அவற்றினூடாகக் கேட்கப்பட்டது யாது என்பது புலப்படாது. அமைதிக் காலப் பொழுதுபோக்கிற்குரிய கருவியும் போர்க்கால ஒற்றுவேலைக்குரிய கருவியும் ஒன்றேயாயிருந்தன.

இவ்விடத்தில் நாம் அழுத்திக் கூறவேண்டியது ஒன்றுண்டு. கைத்திருத்தம் செய்யப்பட்ட வடத்தை அறியாதார் இருவகையாக நோக்குவர்: ஒன்று, குப்பையென நோக்குவர், மற்றொன்று, குற்றச்சான்றென நோக்குவர். முன்னையோர் செம்பின் நிறைக்கு விற்றுவிடுவர். பின்னையோர் செய்தவன்மீது ஐயங்கொள்வர். இரு நோக்குகளும் அறியாமையிலிருந்தே பிறக்கின்றன. கடைச்சரக்கிற் காணப்படாத ஒவ்வொன்றையும் மறைந்த தீய நோக்கத்தின் அடையாளமாகக் கொள்ளும் மனப்பாங்கு, தன் கையால் ஆக்குபவனைத் தண்டித்து விலைகொடுத்து வாங்குபவனை மாத்திரம் நல்ல குடிமகனாக்குகின்றது. தொழிற்பாட்டைச் சரிவர விளக்கும் அறிவு ஆய்வாளருக்கு மாத்திரமன்றி நீதிக்கும் வேண்டியதாகும். ஆயின் அதே அறிவு தன் எல்லையையும் உணர்ந்திருத்தல் வேண்டும். ஒரு சுற்றின் தொழிற்பாட்டை நிறுவிய அளவிலே ஒரு மனிதனின் நோக்கத்தையும் நிறுவிவிட்டதாக அது உரிமை பாராட்டலாகாது.

7

பிரித்தானியர் காலத்தில் வீ.எஸ். 7 என்றும் பின்னர் 4 எஸ் 7 என்றும் அழைப்புக்குறி பூண்ட இலங்கை அமெச்சூர்களின் வரலாறும் இவ்வாறே வடங்களிலும் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றது. 2004 திசெம்பர் கடற்கோளின்போது தொலைபேசிகள் செயலிழந்த தென்கரையோரத்திலிருந்து கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்த அமெச்சூர்கள் உதவினர். அத்தகைய வேளையிற் கைகொடுப்பது, கிடைத்ததைக் கொண்டு பொருத்திக்கொள்ளும் பழக்கமே. அப்பழக்கம் எவ்வாறு பயிலப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்றுகளினும் பற்றாசுத் தழும்புகளே நெருங்கிய சாட்சிகளாகும்.

எனவே சேகரிப்போர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் நன்று. வடத்தை வெட்டாது, நுனிகளைத் துப்புரவாக்காது, நீளத்தைச் சென்ரிமீற்றர் வரை அளந்து பதிதல் வேண்டும். உறையிலுள்ள எழுத்துக்களையும் செருகியின் இனத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். எப்பொருளோடு சேர்ந்து கிடைத்தது என்பதைக் குறித்தல் வேண்டும். தாழியிலிருந்து தனியே பிரிக்கப்பட்ட மணி தன் கதையைப் பாதி இழந்துவிடுவது போன்றே, கருவியிலிருந்து பிரிக்கப்பட்ட வடமும் ஊமையாகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தவர் உயிருடன் இருக்கும்போதே அவரிடம் கேட்டெழுதுதல் வேண்டும். மூன்றரை மீற்றர் நீளத்தை நாம் கணக்கிட்டு அறியலாம். எந்த அயலவர் எந்த இரவில் வந்து கதவைத் தட்டியமையால் அது வெட்டப்பட்டது என்பதை அவரால் மாத்திரமே கூறவியலும்.